சிஸ்கோ சுவிட்சின் அமைப்பை அழித்த பிறகும் பழைய விலான்கள் ஏன் மறைவதில்லை?

கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் சாதனமே சுவிட்ச்; வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைப்பது ரவுட்டர். ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகள்போலப் பிரிக்கும் ஏற்பாடே விலான் (VLAN). ரவுட்டரிலோ சுவிட்சிலோ முன்பு ஒருவர் செய்துவைத்த பெயர், கடவுச்சொல், முகவரி முதலிய அமைப்புகளை நீக்கி, புதிதாக வாங்கியபோது இருந்த வெற்று நிலைக்குக் கொண்டுவருவதே ரீசெட் எனப்படுகிறது.

சிஸ்கோ சாதனங்களில் இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பு, மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் ரேம் நினைவகத்திலும், அடுத்த முறை தொடங்கும்போது படிக்கப்படும் சேமித்த அமைப்பு, மின்சாரம் நின்றாலும் அழியாத என்விரேம் (NVRAM) நினைவகத்திலும் இருக்கின்றன. ஆசிரியர் காலையில் குறிப்பேட்டைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவதைப் போன்றது இது. பலகையை மட்டும் துடைத்தால் மறுநாள் அதே பாடம் திரும்ப எழுதப்படும். ஆகவே 'இரேஸ் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' கட்டளையால் குறிப்பேட்டை அழித்து, 'ரீலோட்' கொடுத்துச் சாதனத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

ரவுட்டருக்கு இவ்வளவே பெரும்பாலும் போதும். சுவிட்சிலோ விலான் விவரங்கள் 'விலான்.டாட்' (vlan.dat) என்னும் தனிக் கோப்பாக ஃபிளாஷ் நினைவகத்தில், அதாவது வேறோர் அலமாரியில், இருப்பதால், ரீலோடுக்கு முன் அதையும் 'டெலீட்' கட்டளையால் நீக்க வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான். ரீலோடின்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் 'நோ' என்க. 'யெஸ்' என்றால், ரேமில் உள்ள பழைய அமைப்பே மீண்டும் எழுதப்பட்டு, செய்த வேலை வீணாகும்.

அமைப்பை அழித்தால் இயங்குதளமும் போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். ஃபிளாஷில் தனியாக இருக்கும் ஐஓஎஸ் என்னும் சிஸ்கோ இயங்குதளக் கோப்பை 'இரேஸ் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' கட்டளை தொடுவதில்லை.