டயலிசிஸ்ல இருந்தாலும் மிச்சக் கிட்னிய காப்பாத்தலாமா?

அம்மா சிஏபிடி, அதாவது வயித்துக்க மருந்துத் தண்ணி விட்டு எடுக்கிற டயலிசிஸ் செய்யிறா, இன்னும் கொஞ்சம் சலம் போகுது, அத எப்பிடி விடாம வச்சிருக்கிறது எண்டு கேட்டிருக்கிறீங்க. டயலிசிஸ் செய்யிறம் தானே, இனி கிட்னிய பத்தி என்ன கவலை எண்டு நிறையப் பேர் விட்டுடுறாங்க, அது பிழை. கனடாவிலயும் அமெரிக்காவிலயும் வயித்து டயலிசிஸ் செய்யிறவங்கள வச்சு நடந்த கனூசா ஆய்வின்ர தரவுகள 2001ல திரும்பப் பார்த்தப்போ, ஒரு நாளைக்குப் போற சலம் ஒவ்வொரு 250 மில்லி கூடுதலா இருக்கேக்க இறப்பு ஆபத்து 36 வீதம் குறைவா இருந்திச்சு.

முதல் எதிரி வலிக் குளுசை. முழங்கால் நோகுதெண்டு வெள்ளவத்தையில ஏதோ ஒரு பாமசிக்குப் போய் டைக்ளோபெனாக், இபுபுரோபென் வாங்கிப் போடவே வேணாம், பனடோல் டொக்டர் சொன்ன அளவுக்கு எடுக்கலாம். சிடி ஸ்கேனுக்கு டை ஏத்த முதல், ஜென்டாமைசின் எண்ட அன்டிபயோடிக் ஊசி போட முதல், சலம் இன்னும் போகுதெண்டு வாயத் திறந்து சொல்லுங்க. வீக்கம் வத்தட்டும் எண்டு தண்ணிய கூட இழுக்கிற 4.25 வீத குளுக்கோஸ் டயலிசிஸ் பேக்க நீங்களா கூட்டிப் போட்டா உடம்பு காய்ஞ்சு பிரஷர் விழும், கிட்னியும் சேர்ந்து படுக்கும். ராமிப்ரில், வல்சார்டன் மாதிரி பிரஷர் குளுசைகள் மிச்சக் கிட்னிய காப்பாத்த உதவும், ஆனா பொட்டாசியம் பார்த்துத்தான் தருவாங்க. ப்ரூஸ்மைட் சலத்தக் கூட்டும், கிட்னிய காப்பாத்தாது.

காமரங்கா (நட்சத்திரப் பழம்), பிலிங் (பிலிம்பிக்காய்) ஜூஸ் சீனி வருத்தத்துக்கு நல்லம் எண்டு பக்கத்து வீட்டு ஆன்ட்டி தந்தா தயவுசெய்து குடுக்காதீங்க, ரெண்டும் கிட்னிக்கு நஞ்சு.

கிளினிக்ல 24 மணித்தியால சலம் கேட்டா, காலமை முதல் போறத ஊத்திட்டு அடுத்த நாள் காலமை போறது வரைக்கும் ஒரு சொட்டும் விடாம சேருங்க.