பெரியபிள்ளையானதும் மைதானத்தை விடுற பிள்ளையள் - பி.ரி. ரீச்சரிட்டைக் கேளுங்கோ

யாழ்ப்பாணத்திலை 22 வருசம் உடற்கல்வி படிப்பிச்சனான். வந்த கேள்வியளிலை நாலுக்கு இஞ்சை பதில் சொல்லுறன்.

சாவகச்சேரி அம்மா ஒருத்தர்: மகள் தரம் 9. முந்தி கிளித்தட்டு மறிச்சுத் திரிஞ்சவள். சாமத்தியப்பட்டாப் பிறகு பி.ரி. பாடமெண்டாலே வயித்துக்குத்து எண்டு கடிதம் கேக்கிறாள்.

பிள்ளையைப் பேசாதேங்கோ, அம்மா. அனேகமா உடுப்புத்தான் பிரச்சினை. வெள்ளைச் சீருடையிலை கறை பட்டிடுமோ எண்ட பயத்தோடை எப்பிடி ஓடுறது? கடும் நிறத்திலை ஒரு பொட்டம், தொளதொளத்த ரீசேட், அளவான உள்ளாடை வாங்கிக் குடுங்கோ. உள்ளாடையைத்தான் கனபேர் யோசிக்கிறதில்லை. மாதவிடாய் நோவுக்கு மெல்ல நடந்தாலே கனபேருக்குச் சுகம் தெரியும். நோ தாங்கேலாமல் இருந்தாலோ இரத்தம் கூடப் போனாலோ டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

வலிகாமத்து ஆசிரியை: கிழமையிலை கிடைக்கிற ஒண்டிரண்டு பாடத்துக்குள்ளை என்ன செய்யலாம், ரீச்சர்?

5 தொடக்கம் 17 வயசுப் பிள்ளையளுக்குச் சராசரியா நாளுக்கு 60 நிமிசம் உடலசைவு வேணும், அதிலை கிழமைக்கு 3 நாளாவது எலும்பும் தசையும் பலப்படுற பயிற்சி இருக்கோணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகத்திலை 11-17 வயசுப் பெண்பிள்ளையளிலை 85 வீதம் பேருக்கு அது கிடைக்கேல்லை. பொடியளிலை 78 வீதம். உங்கடை பாடம் மட்டும் இதுக்குக் காணாது.

முதல் பிள்ளையளைக் கேளுங்கோ. நான் ஒருக்கால் பேர் எழுதாத தாளிலை விருப்பத்தைக் கேட்டன். பட்மின்ரன், டான்ஸ், கயிறடி எண்டு வந்துது. ஓட்டப்போட்டி எண்டு ஒருத்தியும் எழுதேல்லை. ஆனால் நாங்கள் வருசா வருசம், பிள்ளையளை இல்லங்களாப் பிரிச்சு ஓட்டம், பாய்ச்சல் எண்டு வைக்கிற இல்ல மெய்வல்லுநர் போட்டியைத்தானே நடத்துறம். வெல்லுற பத்துப் பேர் ஓட, மிச்சப் பேர் இல்லம் சோடிச்சுப்போட்டு இருந்து கைதட்டுவினம். போட்டி முடிஞ்சா மைதானம் வெறிச்சோடிப் போகும். இது எனக்கு இண்டைக்கும் மனவருத்தம், நானும் அப்பிடித்தான் நடத்தினனான்.

பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குப் போக முதல் 20 நிமிசம் எடுங்கோ. திறமான ஆக்களை மட்டும் தெரியிறது வேண்டாம், புள்ளி வேண்டாம். உயர்தரத்து அக்காமார் நடத்தட்டும், ரீச்சருக்கு வெக்கப்படுற பிள்ளை அக்காவோடை சேருவாள். கயிறடி எலும்புக்கும் நல்லது, செலவுமில்லை. வேடிக்கை பாக்க ஆக்களை விடாதேங்கோ.

நல்லூர் அப்பா ஒருத்தர்: ஓ.எல். சோதினை வருது. விளையாட்டுக்கு நேரம் எங்கை?

மோட்டச்சைக்கிளிலை ஏத்தி இறக்கிறதை விடுங்கோ, ஐயா. ரியூசனுக்குச் சிநேகிதியோடை சைக்கிளிலை போகட்டும். எங்கடை ஊர்ப் பிள்ளையள் காலங்காலமா சைக்கிள் மிதிச்சுப் படிச்சவை. போய்வாற அரைமணித்தியாலமும் கணக்குத்தான்.

தரம் 10 மாணவி: நான் வகுப்பிலையே உயரம். பனை எண்டு பகிடி பண்ணுறாங்கள், அதாலை மைதானத்துக்குப் போறேல்லை.

தங்கச்சி, புன்னாலைக்கட்டுவன் பக்கம் ஏவினையிலை பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குலம். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வெண்ட இலங்கை வலைப்பந்தாட்ட அணியிலை கோல் போட்டவ அவதான். நீ அவவைப் போல வரோணுமெண்டு இல்லை, உனக்குப் பிடிச்ச மாதிரி விளையாடினால் காணும். திங்கக்கிழமை வலைப்பந்து ரீச்சரிட்டைப் போய்க் கதை. தனியப் போகக் கூச்சமெண்டா ஒரு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போ.