கிருஷ்ணகிரி பக்கம் குவாரியில் வெடிவைக்கும் வேலைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் முதலில் எந்தக் குவாரி என்று பாருங்கள். மெருகேற்ற பெரிய பாளமாக எடுக்கும் கிரானைட் குவாரியில் வெடிக்கு வேலை குறைவு. வெடிமருந்து கொஞ்சம் கூடினாலும் கல்லில் கீறல் விழுந்து விலை போய்விடும். வைரக் கம்பியால்தான் அறுக்கிறார்கள். உங்களுக்கு வேலை ஜல்லிக் குவாரியில்தான்.

சும்மா உதவியாளாகப் பழகினால் போதாது. தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் பிளாஸ்டர் (வெடிவைப்பவர்) சான்றிதழ் வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல பயம் வெடிக்கும் நேரத்தில் இல்லை, அதற்குப் பிறகுதான். புகை அடங்கியதும் முதலில் உள்ளே போவது நீங்கள். கற்குவியலில் ஒரு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு குழி வெடிக்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அதை இழுக்கவே கூடாது, அதே குழியில் மறுபடி துளையும் போடக்கூடாது. அப்புறம் சித்திரை மாதத்து இடி. மேகம் கறுத்தால் வெடியைத் தூண்டும் மின் டெட்டனேட்டரைத் தொடாதீர்கள், முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

கட்டடம் தகர்ப்பதா? 2016இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடத்தைத் தகர்த்தது போல எப்போதாவதுதான் வரும். அதை நம்பி இறங்காதீர்கள்.