ஒரு செட்டிங்குக்காக மொத்த சாவிக்கொத்தையும் கொடுக்கணுமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் அண்ணா. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பார்க்கிறேன். விவசாயிங்க கொண்டு வர்ற பச்சை இலை எடை, அவங்களுக்கு தர வேண்டிய பணம் எல்லாமே போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ்ல தான் ஏறுது. மாசக் கடைசில பட்டுவாடா ரிப்போர்ட் போட்டா இருபது நிமிஷம் சுத்துது. வேலைக்கு எடுத்துக்கற மெமரி அளவான வொர்க் மெம் செட்டிங்கை கூட்டுனா சரியாகும்னு சொல்றாங்க, எந்த குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி) இழுக்குதுன்னு சர்வர் எழுதி வைக்கற லாக்லயும் பார்க்கணும். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் கோயமுத்தூர்ல இருக்கார், எல்லாத்தையும் மாத்தக்கூடிய சூப்பர்யூசரோட பாஸ்வேர்டை வாட்ஸ்அப்ல அனுப்பறேன் நீயே மாத்திக்கோம்மான்னு சொல்றார். வாங்கிக்கலாமா? பயமா இருக்கு.
– வாசகி, கோத்தகிரி

பதில்: வாங்காதீங்க தங்கச்சி. நீங்க பயப்படறது நியாயம் தான்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, வொர்க் மெம்முக்கு அந்த பாஸ்வேர்டே தேவையில்ல. அது எந்த யூசரும் தன்னோட செஷனுக்கு (உள்ள போய் வெளிய வர்ற வரைக்கும்) மட்டும் மாத்திக்கக்கூடிய செட்டிங். ரிப்போர்ட் ஓட்டறதுக்கு முன்னாடி செட் வொர்க்_மெம் = '64எம்பி'-னு ஒரு வரி அடிங்க, அவ்ளோதான், வெளிய வந்தா பழையபடி 4 எம்பி ஆயிடும். தினமும் அடிக்க முடியாதுன்னா ஆல்டர் ரோல் போட்டு உங்க லாகினுக்கு மட்டும் நிரந்தரமா வெச்சுக்கலாம், உங்க பேருக்கு நீங்களே போட்டுக்கலாம், அடுத்த லாகின்ல இருந்து வேலை செய்யும். ஆனா சர்வர் முழுசுக்கும் ஏத்திடாதீங்க, ஏன்னா அந்த மெமரி ஒரு ஆளுக்கு ஒரு தடவைன்னு கணக்கு இல்ல, ஒரே குவெரிக்குள்ள நாலு சார்ட் (வரிசைப்படுத்தற வேலை) இருந்தா நாலு தடவை எடுக்கும், எடை போடற கவுண்டர்ல இருக்கறவங்களும் அதே நேரம் உள்ள இருப்பாங்க.

லாக் விஷயம் வேற. மெதுவான குவெரியை எழுதி வைக்கற லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் சாதாரண யூசர் தொட முடியாது. இதுக்குத்தான் 2022 அக்டோபர்ல வந்த 15-வது வெர்ஷன்ல நல்ல வழி கொடுத்தாங்க: கிராண்ட் செட் ஆன் பாராமீட்டர், அப்புறம் செட்டிங் பேர், டூ, உங்க யூசர் பேர். கோயமுத்தூர்காரர் இந்த ஒரு வரியை அவர் லாகின்ல அடிச்சா போதும், அந்த ஒரு செட்டிங்கை மட்டும் உங்க செஷன்ல மாத்த முடியும், சூப்பர்யூசருக்குன்னு இருக்கற வேற எதையும் தொட முடியாது. கவுண்டர்ல ஓடற குவெரியும் லாக்ல வரணும்னா செட்டுக்கு பதிலா, சர்வர் முழுசுக்கும் மாத்தற ஆல்டர் சிஸ்டம்னு போட்டு அதே மாதிரி கிராண்ட் கொடுக்கச் சொல்லுங்க, கூடவே பிஜி_ரீலோட்_கான்ஃப் ஃபங்ஷனுக்கு எக்ஸிக்யூட் உரிமையும் வேணும், இல்லேன்னா மாத்தி வெச்சுட்டு அது அமலுக்கு வராம உக்காந்திருப்பீங்க. யார் யாருக்கு என்ன கொடுத்திருக்குன்னு போஸ்ட்கிரெஸோட கமாண்ட் அடிக்கற டூலான பிஎஸ்கியூஎல்-ல பேக்ஸ்லாஷ் டிகான்ஃபிக் ப்ளஸ், அப்புறம் செட்டிங் பேர் போட்டா காட்டும்.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா நான் பட்டிருக்கேன். குன்னூர் பக்கம் ஒரு இடத்துல சர்வர் பார்த்துட்டு இருந்தப்ப ஒரே சூப்பர்யூசர் பாஸ்வேர்ட் மூணு பேர் கையில இருந்துச்சு, கொடுத்தது நான் தான். அதுல யாரோ நல்ல எண்ணத்துல சர்வர் பொதுவா எடுத்து வெச்சுக்கற மெமரியான ஷேர்டு பஃபர்ஸை கூட்டலாம்னு ஆல்டர் சிஸ்டம் போட்டிருக்காங்க, 2 ஜிபி அடிக்கப் போய் 20 ஜிபி. மெஷின்ல இருந்ததே 8 ஜிபி ராம். அந்த செட்டிங் ரீஸ்டார்ட் ஆனா தான் அமலுக்கு வரும்ங்கறதால அன்னைக்கு ஒண்ணும் தெரியல, ரெண்டு வாரம் சமத்தா ஓடுச்சு. அப்புறம் ஐப்பசி மழையில ராத்திரி கரண்ட் போய் யூபிஎஸ்-ம் இறங்கி காலைல ஆன் பண்ணா டேட்டாபேஸ் எந்திரிக்கவே இல்ல. வாசல்ல இலை வண்டி வரிசையா நிக்குது, கோணிப்பைல இருந்து தண்ணி சொட்டுது, பனியில எதிர்ல நிக்கறவர் முகம் கூட சரியா தெரியல, நாங்க நோட்டுல பேனாவால எடை எழுதிட்டு இருக்கோம். லாக்ல மெமரி ஒதுக்க முடியலன்னு வருது. நான் மெயின் கான்ஃபிக் ஃபைலை தொறந்து பார்க்கறேன், அதுல சரியா 2 ஜிபின்னு தான் இருக்கு. அரை மணி நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன். ஆல்டர் சிஸ்டம் அந்த ஃபைலை தொடவே தொடாது, டேட்டா ஃபோல்டர்ல போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப்னு தனி ஃபைல்ல எழுதும், ரெண்டுலயும் ஒரே செட்டிங் இருந்தா ஆட்டோ ஃபைல்ல இருக்கறது தான் ஜெயிக்கும். அந்த ஒரு வரியை எடுத்ததும் சர்வர் வந்துச்சு. யார் மாத்தினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, மூணு பேரும் ஒரே பேர்ல தானே உள்ள போனாங்க.

இன்னொண்ணு, எந்த செட்டிங்குக்கு கிராண்ட் கொடுக்கறோம்னு பார்த்து கொடுக்கணும். ஆர்க்கைவ்_கமாண்ட் மாதிரி செட்டிங்குக்கு ஆல்டர் சிஸ்டம் உரிமை கொடுத்தா அவங்க எழுதற கமாண்டை சர்வரே ஓட்டும், அது சூப்பர்யூசர் கொடுத்ததுக்கு சமம். உங்களுக்கு அந்த லாக் செட்டிங் ஒண்ணு போதும். பேக்கப்பும் பாருங்க: ஒரு டேட்டாபேஸை எடுக்கற பிஜி_டம்ப் மட்டும் எடுத்தா செட்டிங்குக்கு கொடுத்த கிராண்டெல்லாம் அதுல வராது, பிஜி_டம்ப்ஆல்-ல குளோபல்ஸ் (சர்வர் முழுசுக்கும் பொதுவான யூசர், உரிமை எல்லாம்) தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: எங்க கிட்ட மைஎஸ்கியூஎல் 8 இருக்கு சார், இதே மாதிரி ஒரே ஒரு செட்டிங்குக்கு மட்டும் உரிமை கொடுக்க முடியுமா?
– வாசகர், கூடலூர்

பதில்: ஒவ்வொரு செட்டிங்கா பிரிச்சு கொடுக்க முடியாதுங்க. பழைய சூப்பர் உரிமையை 8-ல ஓரங்கட்டிட்டு சிஸ்டம்_வேரியபிள்ஸ்_அட்மின்னு தனியா பிரிச்சிருக்காங்க, அதை கொடுத்தா சர்வர் ஓடும்போது மாத்தக்கூடிய குளோபல் செட்டிங் கிட்டத்தட்ட எல்லாத்தையும் தொடலாம். அதனால அதை ஒருத்தருக்கு மட்டும், அவர் சொந்தப் பேர்ல இருக்கற லாகினுக்கு கொடுங்க. செட் பெர்சிஸ்ட் போட்டு மாத்தினது எல்லாம் மைஎஸ்கியூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப் ஃபைல்ல போய் உக்காரும், மேல சொன்ன கதையோட அண்ணன் தம்பி தான் இது, பிரச்சனைன்னா அங்க தேடுங்க.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் 17-ல அலவ்_ஆல்டர்_சிஸ்டம் ஆஃப் பண்ணிட்டா பாதுகாப்பா இருக்கலாம்ல?
– வாசகர், ஊட்டி

பதில்: தவறி மாத்தறதை தடுக்கும், சூப்பர்யூசருக்கும் ஆல்டர் சிஸ்டம் ஓடாது. ஆனா வேணும்னே மாத்த நினைக்கற சூப்பர்யூசருக்கு வேற வழி இருக்கு, இதை பாதுகாப்பு அம்சமா நம்பாதீங்கன்னு அவங்க டாக்குமென்ட்லயே எழுதியிருக்காங்க. ஏற்கனவே ஆட்டோ ஃபைல்ல இருக்கற வரிகளும் அப்படியே அமல்ல தான் இருக்கும், ஆஃப் பண்றதுக்கு முன்னாடி அந்த ஃபைலை ஒரு தடவை தொறந்து படிச்சுடுங்க.