கயிறு இழுத்தும் கிளம்பாத எஞ்சின்: கேள்வி - பதில்

படகின் அவுட்போர்டு எஞ்சின் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: 'சில நேரம் ஸ்டார்ட் ஆகுது, சில நேரம் ஆகலை.'

காலையில் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. கடலில் நிறுத்தி, வலை வாங்கிவிட்டு அரை மணி கழித்து இழுத்தால் வருவதில்லை. ஆறியதும் தானாக வருகிறது. சி.டி.ஐ. (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (தாழங்குடா)

மாற்றாதீர்கள். எதையும் பார்க்காமல் சி.டி.ஐ. மேல் பழி போடுவது நம் கரையில் ஒரு வியாதியாகிவிட்டது. பல ஆயிரம் ரூபாய் போன பிறகு, கோளாறு ஸ்டாப் சுவிட்ச் ஒயரில் இருந்தது தெரியவரும். கரையில் ஆறிப்போன எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி இழுத்தால் நன்றாகத்தான் வரும். அதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? கோளாறு காட்டும் நேரத்தில், அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். அதற்குப் பிளக் ஸ்பேனரும் ஒரு புது ஸ்பார்க் பிளக்கும் படகில் இருக்க வேண்டும்.

வரவில்லையா, உடனே பிளக்கைக் கழற்றுங்கள். முனை ஈரமா, காய்ந்திருக்கிறதா? பார்த்துவிட்டு, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி அடங்கியதும் பிளக்கை கேப்பில் சொருகி, அதன் இரும்பு உடம்பு எஞ்சின் ஹெட்டில் நன்றாக ஒட்டியிருக்கும்படி வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி, இழுங்கள். ஈரக்கையால் கேப்பைப் பிடிக்காதீர்கள், தூக்கி அடிக்கும். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கிளிப் ஸ்டாப் சுவிட்சில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விடியும்வரை இழுத்தாலும் பொறி வராது.

பொறி நீலமாக, சடசடவென்று வந்து, பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பொறி இருந்து, பிளக் நனைந்திருந்தால் சூடான எஞ்சினுக்கும் பழக்க தோஷத்தில் சோக் இழுத்திருக்கிறீர்கள். சோக்கைத் தள்ளிவிட்டு, பிளக் இல்லாமல் ஐந்தாறு இழுப்பு இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றி, காய்ந்த பிளக் போட்டால் வந்துவிடும். பொறியே இல்லையென்றால் புதுப் பிளக்கை வைத்துப் பாருங்கள். அதற்கும் இல்லையா, ஸ்டாப் சுவிட்சிலிருந்து வரும் ஒயரின் இணைப்பைப் பிரித்துவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது பொறி வந்தால் சுவிட்சுக்குள் உப்பு. சில நூறு ரூபாய் வேலை. ஒயரை அப்படியே கழற்றிப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், ஆள் தவறி விழுந்தால் எஞ்சின் நிற்காது. அப்போதும் பொறி இல்லை, ஆறினால் மட்டும் வருகிறது என்றால் சூட்டில் வேலை செய்யாமல் விடுகிற காயில் (கம்பிச்சுருள்)தான் காரணம். மல்டிமீட்டரை வைத்து ஆறியபோது ஒரு முறை, சூட்டில் ஒரு முறை அளந்து, அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். காயில்கள் எல்லாம் சரியென்று தெரிந்த பிறகுதான் சி.டி.ஐ. பக்கம் போக வேண்டும்.

இருபது நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் பல்ப் சப்பிப்போகிறது. (வீராம்பட்டினம்)

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் மக்கர். (சோனாங்குப்பம்)

ஒரு நாள் பெட்ரோலில் நிறுத்துகிறீர்கள், மறுநாள் அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்துகிறீர்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தேங்கியிருந்தால் குளிர்ந்த எஞ்சின் பற்றாது. கரைக்கு வருமுன் குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பி, இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். முகத்துவாரத்தில் அலை மடியும் இடத்தில் திருப்பாதீர்கள், அதற்கு முன்பே செய்துவிடுங்கள். மறந்துபோனால் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிட்டு, பல்பை அமுக்கிப் பெட்ரோல் ஏற்றுங்கள்.

என் எஞ்சின் சில நேரம் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யலாம்? (நல்லவாடு)

எத்தனை எச்.பி., டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, சூட்டிலா குளிரிலா, பொறி உண்டா இல்லையா, ஒன்றும் எழுதவில்லை. முதல் பதிலைப் படித்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

புயல் எச்சரிக்கையால் மூன்று வாரம் கடலுக்குப் போகவில்லை. அதன் பிறகுதான் இந்தத் தொல்லை. (தேவனாம்பட்டினம்)

பழைய பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10-க்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், டேங்க் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். படகு ஆடும்போது கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் போகாது. ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வரவில்லை என்பதன் ரகசியம் இதுதான். டேங்கின் அடியிலிருந்து கால் லிட்டர் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் டேங்கில் உள்ள பெட்ரோல் முழுவதையும் மாற்றுங்கள். துணியில் வடிகட்டினால் சரியாகாது. ஃபில்டர், கார்பரேட்டர் கிண்ணம், ஸ்லோ ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளை) மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். ஜெட்டில் கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும்.

செல்ஃப் எடுக்கும்போது 'டிக்' என்று மட்டும் சத்தம். பேட்டரி புதிது. (தேங்காய்த்திட்டு)

டெர்மினலில் பச்சைக் களிம்பு இருக்கும், அல்லது சிறகு நட்டைக் கையால் முடுக்கியிருப்பீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நைலான் வளையம் வைத்த நட்டை ஸ்பேனரால் முடுக்குங்கள். நியூட்ரலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கயிறு அசையவே மாட்டேன் என்கிறது. (ராசாப்பேட்டை)

கியரில் கிடக்கிறது. நியூட்ரலிலும் அப்படியே இருந்தால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம்.

பிளக் இடைவெளி எவ்வளவு? கடையில் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். (அரியாங்குப்பம்)

கையேட்டில் உள்ளதுதான் அளவு. என்.ஜி.கே. பிளக்கில் எண்ணின் கடைசியில் 10 என்றிருந்தால் 1 மில்லிமீட்டர், 9 என்றால் 0.9. எண்ணில் ஆர் (R, உள்ளே மின்தடை உள்ளது என்ற குறி) இருந்த இடத்தில் ஆர் இல்லாததைப் போடாதீர்கள். புதிதாக வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றை ஸ்பேனரோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் படகில் வையுங்கள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்க? நான் கண்ணளவில்தான் ஊற்றுகிறேன். (பெரிய காலாப்பட்டு)

உங்கள் பிளக் ஏன் கருத்துப்போகிறது என்று இனிமேல் கேட்காதீர்கள். ஐம்பதுக்கு ஒன்று என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, பத்து லிட்டருக்கு 200. பைக் ஆயில் வேண்டாம், டப்பாவில் டி.சி.-டபிள்யூ.3 (TC-W3, தண்ணீரால் ஆறும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலின் தரக்குறி) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.