மாஸ்டடானுக்கு மாறினால் ரகசியம் பத்திரமா?

கேள்வி: இனி இணையம் நாலைந்து பெரிய கம்பெனிகள் கையில் இருக்காது, சின்னச் சின்ன சர்வர்களாகப் பிரிந்துவிடும் என்கிறார்களே, நான் மாஸ்டடானுக்கு மாறிவிட்டால் என் அந்தரங்கம் பத்திரமாக இருக்குமா? (ஈரோடு வாசகர்)

தானாக இருக்காது. பரவலாக்கம் (இப்படிச் சின்னச் சின்ன சர்வர்களாகப் பிரிவது) வேறு, அந்தரங்கம் வேறு. மாஸ்டடான் ட்விட்டர் மாதிரி ஒரு சமூக வலைத்தளம், 2016இல் ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் ஒரு சர்வர் நடத்தலாம். ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்கு மெயில் போகிற மாதிரி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். விளம்பரத்துக்காக உங்களை வேவு பார்க்கும் கம்பெனி நடுவில் இல்லை, அது பெரிய நிம்மதிதான். ஆனால் நீங்கள் ஒருவருக்கு மட்டும் என்று அனுப்பும் செய்திகூட அங்கே முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படுவதில்லை. உங்கள் சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம், பெறுபவரின் சர்வரை நடத்துபவரும் படிக்கலாம். அந்த மனிதர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கம்ப்யூட்டரை எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒரு மாஸ்டடான் நிர்வாகியின் வீட்டில், சர்வரோடு சம்பந்தமே இல்லாத விஷயத்துக்காக எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. சர்வரின் தகவல்களை நகலெடுத்து வைத்த, மறையாக்கம் செய்யாத பேக்கப் ஒன்று அங்கே இருந்தது, அதுவும் சேர்ந்து போய்விட்டது. மாட்டிக்கொண்டது பயனர்களின் தகவல்கள்.

கேள்வி: அப்படியானால் பரவலாக்கத்தால் என்னதான் லாபம்?

வெளியேறும் உரிமை. 2021 அக்டோபர் 4 அன்று ஒரே கம்பெனியின் நெட்வொர்க்கில் நடந்த தவறால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. அடுத்த வருடம் ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனபோது, பிடிக்காதவர்கள் வருடக்கணக்கில் சேர்த்த தொடர்புகளை அப்படியே விட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. மாஸ்டடானில் உங்களைப் பின்தொடர்பவர்களையும் கூட்டிக்கொண்டு வேறு சர்வருக்குப் போகலாம். பழைய பதிவுகள் உங்களோடு வராது என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தைப் பதிவுகளையும் எடுத்துப்போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான கணக்குகள் இன்னும் அந்தக் கம்பெனியின் சர்வர்களில்தான் இருக்கின்றன.

கேள்வி: சரி, இப்போதைக்கு நான் என்ன செய்வது?

ஊருக்குச் சொல்வதை மாஸ்டடானில் சொல்லுங்கள், ரகசியத்தை சிக்னல் என்ற செய்தி ஆப்பில் பேசுங்கள். சிக்னல் பரவலாக்கப்பட்டது அல்ல, ஒரே அமைப்பின் சர்வர்தான். ஆனால் உங்களைப் பற்றிச் சேர்த்து வைப்பது மிகக் குறைவு. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணைப்படி ஒரு பயனரின் விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அவர்களிடம் கொடுக்க ஒன்றுமே இல்லை. கையில் இல்லாததை யாராலும் பிடுங்க முடியாது, அந்தரங்கத்துக்கு நான் நம்புவது இந்த ஏற்பாட்டைத்தான்.

வாட்ஸ்அப்பை விட முடியாது, குடும்ப குரூப் எல்லாம் அதில்தான் என்றால், செய்திகள் ஏற்கெனவே மறையாக்கத்தில்தான் போகின்றன. ஓட்டை பேக்கப்பில் இருக்கிறது. செட்டிங்ஸில் சாட்ஸ், அப்புறம் சாட் பேக்கப் போய், முனைக்கு முனை மறையாக்கத்தை நீங்களே ஆன் செய்யுங்கள். கடவுச்சொல் வைத்தால் அதை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறந்துவிட்டால் அந்த பேக்கப்பை வாட்ஸ்அப்காரர்களாலும் திறந்து தர முடியாது.