பின்னால் 63, உள்ளே 2.0: டர்போ செடான் கேள்வி-பதில்

போன முறை டர்போ செடான்களைப் பற்றி இரண்டே வரி எழுதினேன், அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். ஒருவர் தன் ஜாதகத்தையும் இணைத்திருந்தார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பி.எம்.டபிள்யூ. எம்3, எம்5, மெர்சிடீஸ் சி63 என்றாலே பெரிய இன்ஜின் என்று பார்த்து வளர்ந்தவன். இப்போது எல்லாவற்றிலும் டர்போ, இனி வருவதும் அதுதான் என்கிறார்கள். செலவை மிச்சம் பிடிக்க நம் தலையில் கட்டுகிறார்களா? (திருப்பூர்)

செலவு மிச்சமெல்லாம் இல்லை, புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சும்மா வருவதில்லை. காரணம் ஐரோப்பாவின் புகை விதி. 2015-இல் ஒரு கம்பெனி விற்கும் புதுக் கார்களின் சராசரி கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தார்கள், பிறகு 95-க்கு இறக்கினார்கள். அந்தக் காலத்து ஆய்வகச் சோதனையில் வண்டியைப் பூப்போல ஓட்டுவார்கள். அப்படி ஓட்டினால் சின்ன இன்ஜினில் டர்போ பெரிதாக வேலை செய்யாது, கணக்கு அழகாக வரும். அழுத்தி மிதித்தால் குடிக்கும், ஆனால் சோதனையில் யாரும் அழுத்தி மிதிப்பதில்லை.

ஆனால் ஓட்டுபவருக்கும் லாபம் உண்டு. 2007-இல் வந்த எம்3-இல் 4 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், 420 குதிரைத்திறன், அது முழுதாக வர இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 8,300-க்குப் போகவேண்டும். டார்க், அதாவது முறுக்கு விசை, 400 நியூட்டன் மீட்டர். 2014-இல் அதைத் தூக்கிவிட்டு 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ வைத்தார்கள். குதிரைத்திறன் 431, டார்க் 550, அதுவும் 1,850 சுற்றிலேயே. எண்களில் புதியதுதான் ஜெயித்தது. போனது சத்தம். 2011-இல் எம்5-இல் வி10-ஐ எடுத்துவிட்டு டர்போ வி8 வைத்தபோது, இன்ஜின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகக் காருக்குள் ஊட்டினார்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பதில் பென் டிரைவ் போட்ட மாதிரி! 2024-இல் வந்த எம்5-இல் டர்போவோடு மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன் வருகிறது, எடை 2.4 டன். இனி வருவதும் இந்த வழியில்தான் போகும்.

செகண்ட் ஹேண்டில் பி.எம்.டபிள்யூ. 330ஐ வாங்கினேன். 3 லிட்டர் என்று நினைத்தேன், ஆர்.சி.யில் 1998 சிசி என்றிருக்கிறது. போலி வண்டியா? (சேலம்)

போலி இல்லை. பெயர்தான் போலி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள், நீங்களாவது உட்காருங்கள்.

ஒரு காலத்தில் பின்னால் ஒட்டியிருக்கும் எண் இன்ஜினின் அளவைச் சொன்னது. 2000 வாக்கில் வந்த 330ஐ-யில் உண்மையிலேயே 3 லிட்டர் இருந்தது. 2015-இலிருந்து அதே பெயரில் 2 லிட்டர் டர்போ. 320ஐ என்று விற்பதிலும் 2 லிட்டர்தான், டியூனிங் வேறு. ஆடி கம்பெனி கார்களில் 45 என்று போட்டால் இன்ஜின் திறன் 169 முதல் 185 கிலோவாட் வரை என்று அர்த்தமாம். கிலோவாட்டில் கார் வாங்குகிற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே மெர்சிடீஸ் சி63. அதன் பழைய டர்போ இல்லாத வி8 6,208 சிசி, அதாவது 6.2, அப்போதே ஒரு புள்ளி ஏற்றித்தான் பெயர் வைத்தார்கள். பிறகு 4 லிட்டர் டர்போ வி8, பெயர் 63. 2022-இல் காட்டியது 2 லிட்டர், நாலே சிலிண்டர், டர்போவும் மின்மோட்டாரும் சேர்த்து 680 குதிரை, பெயர் அப்போதும் 63. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வி8 கேட்டு வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஒரு கிலோ என்று எழுதிய பாக்கெட்டில் 320 கிராம் அரிசி இருந்தால் 'இது சத்து கூடிய அரிசி சார்' என்று கடைக்காரர் சொன்னால் விட்டுவிடுவோமா? எடையளவுச் சட்டம் பாக்கெட்டுக்கு உண்டு, டிக்கியில் ஒட்டும் எண்ணுக்கு இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணம் கொடுத்த பிறகு ஆர்.சி.யைப் படித்திருக்கிறீர்கள். அதை முன்பே படித்திருக்கலாம்.

1.0 லிட்டர் டர்போ செடானுக்கு இப்போது ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான் என்று ஷோரூமில் சொன்னார்கள். ஆனால் கொட்டேஷனில் 40 இருக்கிறது. (வேலூர்)

கொட்டேஷன் சரி, வாய் தப்பு. 18 வேண்டுமென்றால் பெட்ரோல் கார் 1,200 சிசிக்குள்ளும் இருக்கவேண்டும், 4 மீட்டருக்குள்ளும் இருக்கவேண்டும். 1.0 டர்போ செடான்களான ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ் எல்லாம் நாலரை மீட்டர்.

டர்போ வெர்னா எடுத்தேன். லிட்டருக்கு 20 கிடைக்கும் என்றார்கள், 9 தான் வருகிறது. (சென்னை)

வலது காலைக் கொஞ்சம் விசாரியுங்கள்.

தினமும் தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆர். போய் வருகிறேன். 1.5 டர்போ ஆட்டோமேட்டிக் நல்லதா, சாதா 1.5 ஆட்டோமேட்டிக் நல்லதா? வெளியூர்ப் பயணம் வருடத்துக்கு இரண்டு முறை. (பல்லாவரம்)

சாதா. வெர்னா டர்போவின் 160 குதிரைத்திறனும் 253 நியூட்டன் மீட்டரும் மேடவாக்கம் சிக்னலில் உங்களுக்கு எதற்கு? அதோடு வரும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடாகும். சாதா இன்ஜினோடு வரும் சி.வி.டி., அதாவது படிப்படியாகக் கியர் மாறாத கியர்பாக்ஸ், அந்த நெரிசலை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். வருடத்துக்கு இரண்டு முறை திண்டிவனம் தாண்டி ஓவர்டேக் செய்வதற்காக மீதி 363 நாள் வட்டி கட்டவேண்டாம்.

கையேட்டில் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். என் பழைய காரில் 20,000 ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை. தெரிந்த மெக்கானிக்கும் விலை குறைந்த ஆயிலே போதும் என்கிறார். டர்போவுக்கும் அப்படிச் செய்யலாம்தானே? (நாமக்கல்)

'தானே' என்று முடித்திருக்கிறீர்கள், அதாவது முடிவெடுத்துவிட்டு என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்கிறீர்கள். போட மாட்டேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. ஒரு பக்கம் எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரி புகை. நடுவில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம், வேறொன்றுமில்லை. ஆயில் கெட்டால் கருகித் துவாரம் அடைக்கும், தண்டு தேயும். அப்புறம், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இந்த நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் மேல் கியரில் வைத்து, குறைந்த சுற்றில் அழுத்தி மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் வெடித்து பிஸ்டனைப் பதம் பார்க்கும் ஒரு நோய் உண்டு. அதைக் குறைக்கவும் சேர்த்துத்தான் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று 2020-இல் ஒரு ஆயில் தரம் கொண்டுவந்தார்கள். கையேட்டில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். பல லட்சம் கொடுத்து வண்டி வாங்கிவிட்டு ஆயிலில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பவருக்கு இதற்கு மேல் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

டிகோர் ஜே.டி.பி. ஒன்று விலைக்கு வருகிறது. எங்கள் ஊரில் பிறந்த வண்டி என்று ஒரு ஆசை. வாங்கலாமா? (கோயம்புத்தூர்)

ஆசை நியாயமானதுதான். உங்கள் ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்தது, 1.2 டர்போ, 114 குதிரைத்திறன். பி.எஸ்.6 புகை விதி வந்த 2020-இல் கதை முடிந்தது. கதவு, கண்ணாடியெல்லாம் சாதா டிகோருடையது, கிடைக்கும். அதற்கென்று தனியாகச் செய்தவை கிடைக்குமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வண்டியைக் காலையில், குளிர்ந்த இன்ஜினோடு பாருங்கள். 2017-இல் நான் ஒரு பழைய டர்போ செடான் வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். பின்னால் வெள்ளியில் டர்போ என்று எழுதியிருந்தது, பாதி மயங்கியது அதில்தான். பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. 'வெயில் சார்' என்றார் விற்றவர். வண்டி நின்றதோ புங்கமர நிழலில். அது எனக்கு வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா இருமிக்கொண்டே உள்ளே ஓடியபோதுதான் உறைத்தது. நீலப் புகை. டர்போவின் சீல் போயிருந்தது. சூடான இன்ஜினில் அது அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் நான் வரும் முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். டர்போவும் கூலியும் சேர்த்து 94 ஆயிரம்.

பழைய கார் விற்கும் கடையில் 9.4 லட்சத்துக்கு ஒரு டர்போ செடான் வாங்கினேன். கம்பெனி வாரண்டி இன்னும் ஒரு வருடம் உண்டு என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தார்கள். இன்ஜின் விளக்கு எரிய, சர்வீஸ் சென்டரில் இ.சி.யூ. என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் ரீமேப் செய்யப்பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் போனை எடுப்பதில்லை. என் தப்பா? (மதுரை)

இல்லம்மா, உங்கள் தப்பு ஒன்றுமே இல்லை. டர்போ இன்ஜினில் ஒரு லேப்டாப்பைச் செருகி அழுத்தத்தைக் கூட்டினால் இருபது முப்பது குதிரை ஏறும், வெளியே ஒரு ஸ்குரூ கூட மாறியிருக்காது. கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. எழுதிக் கொடுத்தவர்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

சர்வீஸ் சென்டர் சொன்னதை ஜாப் கார்டில் எழுத்தாக வாங்குங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினாலும் பத்திரம். கடைக்கு 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை அவர்கள் விசாரிக்கலாம், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும், அதனால் கடைக்காரர் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று இழுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தீர்ப்பு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

என் சாதா செடானில் ஒட்ட 'டர்போ' என்று வெள்ளி எழுத்து எங்கே கிடைக்கும்? (அம்பத்தூர்)

ஜி.பி. ரோடு. என் வண்டியில் இருந்ததைக் கழற்றி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.